டிரையர் கொதித்த ஒன்பது நாட்கள்

எங்கள் வீட்டு டிரையர் முதன்முறையாகப் பாதியில் நின்றது ஒரு வெள்ளிக்கிழமை காலையில், நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது. மேல்மூடியில் கை வைத்தவள் சுரீரென்று இழுத்துக்கொண்டேன். கதவைத் திறந்ததும் இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் மறந்து வைத்துவிட்ட மாதிரி ஒரு கருகல் வாசனை. உள்ளே கிடந்த பெட்ஷீட் இட்லித் துணி போல ஆவி விட்டுக்கொண்டிருந்தது. சூடு இருந்தது, காயத்தான் இல்லை.

"நல்ல நேரம் பாத்து நின்னே போ" என்று அதைத் திட்டிவிட்டு பிளக்கைப் பிடுங்கினேன். இயந்திரங்களைத் திட்டுவது என் பழக்கம். மனிதர்களையும் திட்டுவேன். இயந்திரங்கள் பதில் பேசாது என்பதால் அவற்றைக் கொஞ்சம் கூடுதலாகத் திட்டுவேன்.

அந்த டிரையரை வாங்கியதே மாமாவுக்காகத்தான். மாமா என்றால் என் மாமனார். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, அரசு பஸ்ஸில் முப்பது வருடம் டிரைவராக ஓடியவர். மாமியார் போன பிறகும் ஹனூரிலேயே தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மே மாதம் அவருக்கு ப்ராஸ்டேட் ஆப்பரேஷன் நடந்தது. முடிந்த கையோடு மைசூரில் எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டோம். ஆப்பரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது, ஆனால் அதற்குப் பிறகு சிறுநீர் அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சில மாதங்களில் சரியாகும் என்றார் டாக்டர். டயப்பர் போட்டுப் பார்த்தோம், மூன்றே நாளில் தொடையெல்லாம் புண். அதனால் அவருடைய பழைய வேட்டிகளைக் கிழித்து, மெத்தென்று மடித்து வைத்தேன். ஒரு நாளைக்கு ஆறேழு துணி, ஒரு பெட்ஷீட், சில நாள் இரண்டு.

வெயில் இருந்தவரை கவலை இல்லை. ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. மைசூர் மழை கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற ரகம் இல்லை. காலையில் தூற ஆரம்பித்தால் சாயங்காலம் வரை தூறிக்கொண்டே இருக்கும். கொடியில் போட்ட பெட்ஷீட்டை மூன்றாம் நாளும் ஈரமாகவே எடுப்போம், அதற்குள் அதில் ஒரு முடை நாற்றம் ஏறியிருக்கும்.

மாமா வந்த முதல் வாரத்திலேயே என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டார். "அம்மிணி, என்ற துணி காயாம இந்த ஊடு நாறுற அன்னைக்கு நான் பொறப்பட்டுருவேன். நஞ்சன்கூடு பக்கத்துல ஒரு முதியோர் இல்லம் இருக்குது. எங்கூட ஓடுன கண்டக்டரு அங்கதான் இருக்கறான். ஒரு கட்டிலு காலியா இருக்குதுன்னு சொன்னான்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மூன்று வேட்டியும் நான்கு சட்டையும் வைத்த ஒரு பை, வந்த நாளிலிருந்து பிரிக்கப்படாமல் அவர் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் போகக்கூடாது என்று எனக்கு ஏன் அவ்வளவு பிடிவாதம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். பாடம் எடுப்பவர் வேறொருவர், மாணவர்கள் கையில் கருவியைக் கொடுத்து அது உடையாமல் திரும்பி வாங்குவது என் பொறுப்பு. வீட்டுக்கு வந்தால் அதைப்பற்றி யாரும் கேட்கமாட்டார்கள், நானும் சொல்லமாட்டேன். மாமா வந்த மறுநாள் சாயங்காலம், கீரை ஆய்ந்துகொண்டே, "இன்னைக்கு லேப்புல என்ன ஆச்சு அம்மிணி?" என்று கேட்டார். ஒரு கால்வனாமீட்டரின் முள் ஒடிந்ததைச் சொன்னேன். மறுநாள் நான் செருப்பைக் கழற்றும் முன்னரே, "அந்த முள்ளு என்னாச்சு, மாத்துனீங்களா?" என்றார். அன்றைக்கு எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. மரியாதையும் பயமும் இருபத்தாறு வருடமாக இருந்தன, பிடித்தது அன்றைக்குத்தான்.

ஆகவே டிரையர் வந்தது. பின்பக்கம் நாங்கள் யுடிலிட்டி என்று சொல்கிற இடத்தில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தோம். சூடான ஈரக் காற்று வெளியே போக அதற்கு முழங்கை தடிமனில் ஒரு குழாய் உண்டு. ஜன்னல் கண்ணாடி ஒன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் துளை போட்ட பலகையைப் பொருத்தி, குழாயின் வாயைப் பக்கத்துச் சந்தில் நீட்டிவிட்டோம். சந்து இரண்டடி அகலம். அதற்கு அப்பால் இடுப்பளவு காம்பவுண்டு சுவர், சுவருக்கு அந்தப் பக்கம், நாங்கள் மாமி என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டு அம்மாள்.

மாமி, மேல்கோட்டை வழியில் வந்த ஐயங்கார் குடும்பம். மடி ஆசாரம் கொஞ்சமும் தளராதவர். உயரத்தில் காய்ந்த புடவையைக் கோலால் எடுத்துக் கட்டிக்கொண்டால், பூஜை முடிகிறவரை யாரும் அவரைத் தொடக்கூடாது. நான் செம்பருத்தி கொடுத்தால்கூடச் சுவர்மேல் வைத்துவிட்டு நான் இரண்டடி நகர்ந்த பிறகுதான் எடுப்பார். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது, பதிலுக்குச் சுவர்மேல் வரும் புளியோதரை அப்படி இருக்கும். சுவரை ஒட்டி அவருடைய துளசித்தொட்டி இருந்தது. தினமும் காலை எட்டு மணிக்கு அதற்குத் தண்ணீர் விட்டுச் சுற்றி வருவார்.

ஒரு மாதம் டிரையர் ஒழுங்காக ஓடியது. பிறகுதான் அந்த வெள்ளிக்கிழமை.

சாயங்காலம் திரும்பியதும் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுது. இதை இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளிடம் கத்திக் கத்தி என் தொண்டை போயிருக்கிறது. முதலில் பஞ்சு பிடிக்கும் ஃபில்டர். ஒவ்வொரு முறையும் துடைக்கிறேன்தான், இருந்தாலும் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். ஓட்டினேன், பதினைந்து நிமிடத்தில் நின்றது. மறுநாள் துணியைப் பாதியாகக் குறைத்தேன். இருபது நிமிடம் ஓடி நின்றது. ஞாயிற்றுக்கிழமை மெஷினை முன்னால் இழுத்து, பின்னால் குழாய் மடங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். மடங்கவில்லை. திங்கட்கிழமை லேபிலிருந்து மல்ட்டிமீட்டர் கொண்டுவந்து வோல்ட்டேஜ் பார்த்தேன். அதிலும் குறை இல்லை. எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதினேன். எனக்கு அந்த நோட்டைப் பற்றிப் பெருமையாகவே இருந்தது.

மாமா நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு முறை அது நிற்கும்போதும் பஸ்தான் அவருக்கு ஞாபகம் வரும். "பாலாறு செக்போஸ்ட்டு தாண்டி மலை ஏறுறப்ப வண்டி கொதிச்சா என்ன பண்ணுவோம்? நிறுத்திப்போட்டு ஓரமா உக்காந்துக்குவோம். ரேடியேட்டர் மூடியத் தொட்டா மூஞ்சி வெந்துரும். இதையும் வுடு அம்மிணி, ஆறட்டும்."

"இது மலை ஏறலையே மாமா, நின்ன எடத்துலயே கொதிக்குதே" என்பேன்.

சிரிப்பார். ஆனால் அந்த வாரம் அவர் சிரிப்பு சரியாக இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. துணி காயாததால்தான் என்று நினைத்துக்கொண்டேன். பின்வாசல் பக்கம் நாற்காலி போட்டு மழையை வேடிக்கை பார்ப்பவர், அங்கே உட்காருவதையே விட்டுவிட்டார். அதையும் நான் குளிருக்காக என்று நினைத்தேன். நோட்டில் எழுதுகிறவளுக்கு நோட்டுக்கு வெளியே உள்ளது ஒன்றும் கண்ணில் படவில்லை.

செவ்வாய்க்கிழமை மெக்கானிக் வந்தார். மெஷினை வெளியே இழுத்து, குழாயைக் கழற்றி ஓரமாகப் போட்டு, முதுகுப் பலகையைத் திறந்து உள்ளே இருந்த பஞ்சையெல்லாம் பிரஷ்ஷால் தட்டினார். சூடு அதிகமானால் நிறுத்தும் தெர்மோஸ்டாட் பழுது என்று அதை மாற்றினார். எங்கள் முன்னாலேயே ஒரு பெட்ஷீட்டைப் போட்டு ஓட்டிக் காட்டினார். அரை மணியில் மொறமொறவென்று காய்ந்து வந்தது. "ஆயித்து மேடம்" என்று வேலை முடிந்ததைச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் பழையபடி மாட்டிக் கொடுத்துப் போனார். "தெர்மோஸ்டாட் மாற்றப்பட்டது. சரியாக ஓடுகிறது" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன்.

புதன்கிழமை காலை பத்து நிமிடத்தில் நின்றது.

அன்று இரவு சாப்பாட்டுக்கு முன் ஈரப் பெட்ஷீட்டை மேஜைமேல் விரித்து இஸ்திரி போட்டே காயவைத்தேன். ஒரு பெட்ஷீட்டுக்கு முக்கால் மணி நேரம். ஆவியில் முகமெல்லாம் வியர்த்து, தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. மாமா, ஆப்பரேஷனுக்குப் பிறகு நடக்கத் துணையாக வாங்கிய வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நின்றது எனக்குத் தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோது திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்.

மறுநாள் வியாழக்கிழமை. நான் டிரையரின் முன்னால் மண்டி போட்டு ஃபில்டரை நூறாவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். கல்லூரிக்கு நேரமாகிவிட்டது. மாமா பின்னால் வந்து நின்றார்.

"அம்மிணி, காத்து வெளிய ஒழுங்காப் போவுதா?"

"எல்லாம் பார்த்துட்டேன் மாமா!" என்று எரிந்து விழுந்தேன். "குழாய் மடங்கலை, அடைக்கலை. நீங்க போய் உக்காருங்க."

அவர் போய் உட்கார்ந்தார்.

அன்று மாலை என் கணவர் வேலை முடிந்து வந்ததும் மாமா விஷயத்தை உடைத்தார். ஞாயிற்றுக்கிழமை நஞ்சன்கூட்டில் கொண்டுபோய் விடச் சொன்னார். அந்தக் கண்டக்டரிடம் போனில் பேசியாகிவிட்டதாம், கட்டில் இன்னும் காலியாக இருக்கிறதாம். என் கணவருக்கு வேலையும் நஞ்சன்கூட்டு ஃபேக்டரியில்தான். "உனக்கும் ஷிப்டு முடிஞ்சு எட்டிப் பாத்துட்டுப் போவ வசதி" என்றார் மாமா. ஊருக்குப் போகிற பஸ்ஸைப் பற்றிப் பேசுவது மாதிரி அவ்வளவு சாதாரணமாகப் பேசினார்.

உள்ளே போய் என் கணவரைப் பிடித்துக்கொண்டேன். "வேண்டாம்னு சொல்லுங்களேன்!"

"அப்பாவே போறேங்கறாரு. நான் என்னன்னு சொல்லட்டும்? நீ எதுக்கு அந்த மெஷினோட மல்லுக்கட்டிட்டுக் கெடக்கறே?"

அவருக்கும் மனம் இல்லை, அது எனக்குத் தெரியும். அப்பா ஒன்று சொன்னால் மறுத்துப் பேசி அவருக்குப் பழக்கம் கிடையாது. முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார். "சனிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க" என்று அந்த முதுகிடம் சொன்னேன்.

இனி மிச்சம் இருப்பது ஹீட்டர் காயில்தான் என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை லீவு போட்டு, தேவராஜ மொஹல்லாவில் மிக்ஸி, வாஷிங் மெஷின் உதிரிபாகம் விற்கிற ஒரு பழைய கடைக்குப் போனேன். மழையில் மார்க்கெட் பக்கம் ஒரே சகதி. கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, என் நோட்டை முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படித்தார். இவ்வளவு அழகாக எழுதியதற்குப் பாராட்டுவார் என்று நான் காத்திருந்தேன்.

"வெளியே காற்று வருகிற இடத்தில் கை வைத்துப் பார்த்தீர்களா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

எல்லாம் பார்த்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். இதே வார்த்தையை வியாழக்கிழமை மாமாவிடம் சொன்னது ஞாபகம் வந்தது. மாமா கேட்டதும் இதே கேள்விதான். நான் பார்த்ததெல்லாம் வீட்டுக்குள் இருக்கிற குழாயை. சந்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற வாயை ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

"மெக்கானிக் ஓட்டிக் காட்டும்போது குழாய் மாட்டியிருந்ததா?"

மாட்டியிருக்கவில்லை. ஓரமாகக் கிடந்தது. அன்று மாறியது இரண்டு விஷயம், நான் எழுதியது ஒன்று. முதல் வருட மாணவன் இப்படி எழுதியிருந்தால் நோட்டைத் தூக்கி வெளியே எறிந்திருப்பேன்.

"காயில் எங்கேயும் போகாது. போய்க் கை வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றார். விற்கவே மறுத்துவிட்டார்.

ஆட்டோ பிடித்து வந்தேன். வீட்டுக் கதவு தாழ்ப்பாள் போடாமல் வெறுமனே சாத்தியிருந்தது. "மாமா" என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனேன். கட்டில் காலி. கட்டிலின் மேல் அந்தப் பை, ஜிப் இழுத்து மூடி, குடையோடு தயாராக இருந்தது. வாக்கரைக் காணோம். கோபித்துக்கொண்டு இன்றைக்கே கிளம்பிவிட்டார் என்றுதான் நினைத்தேன். பையும் குடையும் இங்கே இருக்க வெறுங்கையோடு எங்கே போவார் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. தெருவுக்கு ஓடப் போனவளுக்குப் பக்கத்துச் சந்திலிருந்து இருமல் கேட்டது.

மாமா சந்தில் நின்றுகொண்டிருந்தார். தலையில் ஒரு துண்டு, அதுவும் தொப்பலாக நனைந்திருந்தது. வாக்கரின் கால்கள் சேற்றில் புதைந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் நகத்தால் குழாயின் வாயில் எதையோ நெண்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க இங்க? விழுந்தா யார் தூக்குறது? ஆப்பரேஷன் பண்ணின உடம்பு! புத்தி இருக்கா உங்களுக்கு?"

மாமனாரைப் பார்த்து அப்படிக் கேட்டது நான்தான். அவர் திரும்பக்கூட இல்லை.

"ஒரு நிமிசம் அம்மிணி. முடிச்சு நனைஞ்சு இறுகிப்போச்சு."

கிட்டே போய்ப் பார்த்தேன். குழாயின் வாயை மூடி, பலகாரத் தூக்குக்கு வாய் கட்டுவது போல ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. ஓரத்தில் பச்சைக் கரை. தினமும் நான் துவைக்கிற துணி, நான் கிழித்து மடித்து வைத்த அவருடைய பழைய வேட்டி. தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்து முடிச்சுக்குள் விட்டு நெம்பினேன். துணி அவிழ்ந்து விழுந்தது. உள்பக்கம் விரல் தடிமனுக்குப் பஞ்சு படிந்து, ஈரத்தில் ஊறி, கம்பளியாகத் திரண்டிருந்தது. அதற்குள் எறும்புகூட மூச்சு விட்டிருக்காது.

"யார் இதைக் கட்டினது?" என்றேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"நாந்தான்."

சேற்றில் நின்றபடியே சொன்னார். டிரையர் நின்று போவதற்கு முந்தின நாள் காலை அவர் பின்வாசலில் உட்கார்ந்திருக்கிறார். நான் மெஷினைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் மாமி துளசிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"நம்ம ஆவி அப்பிடியே புஸ்ஸுனு அவுங்க மேல போச்சு அம்மிணி. சடார்னு பின்னால நவுந்து, முந்தானைய மூஞ்சிக்குக் கொண்டாந்தாங்க. எனக்கு உசுரே போயிருச்சு. மடியா நிக்கறவங்க. சாமிக்குத் தண்ணி ஊத்தறப்ப, என்ற மூத்திரத் துணி ஆவி போயி அவுங்க மேல படலாமா? நீ காலேசுக்குப் போனப்பறம், மழை வுட்டிருந்த நேரமாப் பாத்து வந்து கட்டிப்போட்டேன். மெல்லிசு துணிதானே, பால் வடிகட்டறாப்ல காத்து மட்டும் போயிரும், மத்ததெல்லாம் நின்னுக்கும்னு நெனச்சேன்."

"எப்போ தெரிஞ்சது உங்களுக்கு?"

"மெக்கானிக்கு குழாயக் கழட்டிப்போட்டு ஓட்டுனப்பவே சந்தேகம். அதான் உன்னக் கேட்டேன், காத்து வெளிய போவுதான்னு."

"நான் கத்தினேன்."

"நீ அவசரத்துல இருந்தே. அப்பறம் சொல்ல வெக்கமாப் போச்சு. நேத்தும் முந்தாநேத்தும் வாசப்படி வரைக்கும் வந்து பாத்தேன். சேறா இருந்துச்சு, வுழுந்துருவமோன்னு பயமா இருந்துச்சு. திரும்பிப் போயிட்டேன்."

நான் அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதற்குள் சுவருக்கு மேல் ஒரு குடை தெரிந்தது. சத்தம் கேட்டு மாமி வந்துவிட்டார்.

"என்னம்மா இது, இந்த மழைல மாமாவ வெளில நிக்க வச்சுண்டு?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு மூடி மறைத்துப் பேச வராது. நடந்ததை அப்படியே மாமியிடம் சொல்லிவிட்டேன், முந்தானை வரை.

மாமி நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "அன்னிக்கா? என் மூக்குக்கண்ணாடி பூரா ஆவி பிடிச்சு ஒண்ணும் தெரியல. எங்க துளசித் தொட்டிய இடிச்சுடுவேனோன்னு பின்னால நகந்தேன். தலைப்பால கண்ணாடியத் துடைச்சுண்டேன். அதுக்கா இவ்வளவு?"

"அப்போ அந்த ஆவி வந்தது உங்களுக்குப் பரவாயில்லையா மாமி?" என்று நேராகவே கேட்டேன்.

"பொய் சொல்லப்படாது" என்றார் மாமி. "ரெண்டு நாள் மனசுக்கு என்னமோ மாதிரிதான் இருந்தது. அப்புறம் தொட்டிய அந்த மூலைக்குத் தள்ளிட்டேன். ஆச்சு, முடிஞ்சுது."

அப்போதுதான் இருவரும் பார்த்தோம். சுவரை ஒட்டித் தொட்டி இருந்த வட்டத் தடம் மட்டும் இருந்தது. துளசித்தொட்டி எதிர்மூலையில், மல்லிகைப் பந்தலுக்கு அந்தண்டை நின்றது. மாமா பின்வாசலில் உட்காருவதை விட்டுவிட்டதால் அது நகர்ந்ததை அவர் பார்க்கவே இல்லை.

மாமி அவரைப் பார்த்துச் சொன்னார்: "எங்காத்துக்காரருக்கும் இதே ஆப்பரேஷன்தான். எட்டு மாசம் ஆச்சு நிக்கறதுக்கு. அந்த எட்டு மாசமும் இந்தக் கொடி முழுக்க அவரோட துணிதான். நீங்க மொதல்ல உள்ள போய்த் தலையத் துவட்டிக்கோங்கோ."

மாமா இரண்டு கையையும் கூப்பினார். பிடியை விட்டுவிட்டார் என்பதைப் பார்த்துப் பதறி நான் அவரைத் தாங்கிக்கொண்டேன்.

உள்ளே கூட்டிவந்து, வெந்நீர் வைத்துக் கால் கழுவி, உலர்ந்த வேட்டி கொடுத்தேன். பிறகு டிரையரில் காலைப் பெட்ஷீட்டைப் போட்டு ஓட விட்டுச் சந்துக்குப் போய்க் குழாயின் வாயில் கை வைத்தேன். வெதுவெதுவென்று காற்று உள்ளங்கையைத் தள்ளியது. முப்பத்தைந்து நிமிடம் ஓடி, தானாக மணி அடித்து நின்றது. மேல்மூடியில் கையை வைத்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு சூடுதான்.

பெட்ஷீட்டை எடுத்துக்கொண்டு மாமாவின் அறைக்குப் போனேன். விரிக்க வேண்டுமென்றால் கட்டில்மேல் இருந்த பையை எடுக்க வேண்டும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எதுக்கு மேல வந்தது?"

"நாளைக்கிப் போறதுக்கு எடுத்து வெச்சேன்."

எனக்கு மறுபடி கோபம் வந்தது. பெட்ஷீட்டை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். போகணும்னு நிஜமாவே இருந்தா, அந்தத் துணிய அப்படியே விட்டிருக்கலாமே. மெஷின் ஓடியிருக்காது, நாளைக்கு நீங்க பாட்டுக்குக் கிளம்பிப் போயிருக்கலாம். யாரும் உங்களத் தடுத்திருக்க முடியாது. அப்புறம் எதுக்கு அந்தச் சேத்துல இறங்கினீங்க?"

அவர் தன் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணில் முடிச்சை நெண்டிய இடம் சிவந்திருந்தது. பேசியபோது குரல் வரவே இல்லை, வெறும் காற்றாக வந்தது.

"எனக்குப் போவ மனசில்ல அம்மிணி. அதச் சொல்லறதுக்குத்தான் வெக்கமா இருந்துச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பார்க்கக்கூடாதென்று எழுந்து அந்தப் பையை எடுத்தேன். ஜிப்பைத் திறந்தால் குப்பென்று அடித்தது. மூன்று மாதமாக மடிப்புக் கலையாமல் கட்டிலுக்கடியில் கிடந்த துணி, மழை ஈரம் ஏறிப் பூஞ்சை நாற்றம் பிடித்திருந்தது.

"இந்த நாத்தத்தோடவா நஞ்சன்கூட்டுக்குப் போறதா இருந்தீங்க? கண்டக்டர் உள்ளேயே விட்டிருக்க மாட்டார்" என்றேன்.

இந்த முறை அவர் ஒழுங்காகச் சிரித்தார்.

மூன்று வேட்டியையும் நான்கு சட்டையையும் வாஷிங் மெஷினில் போட்டுத் துவைத்து, டிரையரில் போட்டேன். காய்ந்ததும் சூட்டோடு மடித்து, என் கணவரின் சட்டைகளுக்குப் பக்கத்துத் தட்டைக் காலி பண்ணி அடுக்கினேன். மாமா வாக்கரோடு வந்து அலமாரியின் பக்கத்தில் நின்று பார்த்தார். மேலே இருந்த சட்டையைத் தொட்டார், சூடு ஆறுகிறவரை கையை எடுக்கவில்லை.

"இன்னைக்கு லேப்புல என்ன ஆச்சு அம்மிணி?" என்றார்.

"இன்னைக்கு நான் லேபுக்கே போகலையே மாமா. லீவு போட்டு மார்க்கெட் பக்கம் கடைக்கில்ல போனேன்."

"அட, ஆமா. அப்ப அந்தக் கடைக்காரரு என்ன சொன்னாரு?"

அவரைக் கட்டிலுக்குக் கூட்டிவந்து உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.